முகத்தில் விளக்கடித்தால்: மொரீஷியஸ் படகுக்காரர் கேள்விகள்

கேள்வி: ராத்திரி தாமரின் பக்கம் தூண்டில் போட்டுவிட்டுத் திரும்பும்போது, இருட்டிலிருந்து ஒரு வேகப்படகு வந்து முகத்தில் விளக்கடித்தது. கொள்ளைக்காரர்களோ என்று பயந்து தம்பி இன்ஜினை முடுக்கிவிட்டான். பார்த்தால் கோஸ்ட் கார்டு! தப்பா ஐயா?

பதில்: தப்புதான், தம்பியின் பயம் புரிந்தாலும். ரீயூனியன் தீவு இங்கிருந்து 200 கி.மீ. சொச்சம். அந்தப் பக்கமிருந்தும் மடகாஸ்கரிலிருந்தும் சிறு படகுகளில் போதைப்பொருள் வந்து பிடிபட்டதெல்லாம் உங்களுக்கும் தெரியும். ஓடுகிற படகைப் பார்த்தால் அவர்களுக்கு வேறென்ன தோன்றும்?

நியூட்ரலுக்கு வாருங்கள். அலை அடிக்கிற இடமென்றால் இன்ஜினை அணைக்காதீர்கள், படகு குறுக்கே திரும்பிவிடும். உள்விளக்கைப் போட்டு, கைகள் தெரிய உட்காருங்கள். கோஸ்ட் கார்டு நம் போலீஸின் ஒரு பிரிவு. எந்த போஸ்டிலிருந்து வருகிறீர்கள் என்று மரியாதையாகக் கேட்கலாம். அப்போதும் சந்தேகமா? விஎச்எஃப் ரேடியோவில் 16-ஆம் சானலில் கூப்பிட்டுக் கேளுங்கள்.

உங்கள் படகில் விளக்கு எரிந்ததா என்று நீங்கள் எழுதவேயில்லை. இடப்பக்கம் சிவப்பு, வலப்பக்கம் பச்சை, மேலே சுற்றிலும் தெரிகிற வெள்ளை: 12 மீட்டருக்குக் குறைந்த இன்ஜின் படகுக்கு இவை போதும். என்னையும் ஒருமுறை நிறுத்தினார்கள். விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அதன்மேல் ஈரத்துண்டைக் காயப்போட்டிருந்தேன்.

கேள்வி: ரோந்துக்கு வரும் பாராகுடா இந்தியக் கப்பலா? தமிழில் பேசினால் விட்டுவிடுவார்களாமே?

பதில்: கப்பல் நம்முடையது. கொல்கத்தாவில் கட்டப்பட்டு 2015 மார்ச்சில் பணியில் சேர்ந்தது. இந்தியக் கடற்படை அதிகாரிகள் சிலர் நம் கோஸ்ட் கார்டில் பணியாற்ற வருவதுண்டு, அதில்தான் இந்தக் கதை கிளம்பியிருக்கும். லைசன்ஸும் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட்டும் இருந்தால் எந்த மொழியில் பேசினாலும் விடுவார்கள்.

கேள்வி: செப்டம்பரில் பிடித்த ஊரிட்டை, அதாவது பேய்க்கணவாயை, கோஸ்ட் கார்டு பெட்டியோடு எடுத்துக்கொண்டார்கள். வீட்டுச் சமையலுக்குத்தானே?

பதில்: ஆகஸ்ட் 15 முதல் அக்டோபர் 15 வரை பேய்க்கணவாய்க்குத் தடை. குழம்புக்கு என்றாலும் தடை தடைதான்.

கேள்வி: படகுக்குப் பக்கத்திலேயே திமிங்கலம் எழுந்துவிட்டது. குழந்தைகள் அலறிவிட்டார்கள். என்ன செய்திருக்க வேண்டும்?

பதில்: குளிர்காலத்தில் கூன்முதுகுத் திமிங்கலங்கள் குட்டி போட நம் பக்கம் வரும். ஸ்பெர்ம் திமிங்கலமோ மேற்குக் கரையில் வருஷம் முழுக்க உண்டு. தானாக அருகே வந்தால் நியூட்ரலில் அசையாமல் இருங்கள், அது விலகட்டும். பிறகு மெதுவாக, அது போகும் வழிக்குக் குறுக்கே வராமல் கிளம்புங்கள். நீங்களாகப் பார்க்கப் போனால் 100 மீட்டர் தள்ளியே நில்லுங்கள், டால்பினுக்கு 50. தாய்க்கும் குட்டிக்கும் நடுவில் மட்டும் புகவே கூடாது. சுற்றுலாப் படகுகள் பத்து ஒன்றுசேர்ந்து டால்பின் கூட்டத்தைத் துரத்துகிற காட்சியைக் கண்டால் எனக்கு இன்றும் வயிறு எரிகிறது.

கேள்வி: பவளப்பாறைக்கு வெளியே இன்ஜின் நின்றுவிட்டால் முதலில் ரேடியோவா, நங்கூரமா?

பதில்: நங்கூரம். பாறைப் பக்கம் காற்று தள்ளினால் நிமிஷங்கள்தான் மிச்சம். பிறகு 16-ஆம் சானல்: படகின் பெயர், இருக்குமிடம், என்ன ஆபத்து, எத்தனை பேர். நங்கூரம் பிடித்துக்கொண்டால் "பான் பான்" (அவசர உதவி வேண்டும்) மூன்று முறை; பிடிக்காமல் அலை உடைகிற இடத்துக்கு இழுத்துப் போனால் "மேடே" (உயிருக்கே ஆபத்து) மூன்று முறை. ஃபோனை நம்பி ரேடியோவை வீட்டில் வைத்துவிட்டு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: நனைந்த கையில் தொடுதிரை வேலை செய்யாது.