ஓட்டைக் குடமும் நரம்பணுவும்

மண்டபத்திலிருந்து ஒரு வாசகர்: நாங்கள் விற்கும் கணவாயை வைத்தா மூளை நரம்பணு துடிக்கும் கணக்கைக் கண்டுபிடித்தார்கள்?

அதன் அட்லாண்டிக் உறவினத்தை வைத்து. ஆபத்து என்றதும் நீரைப் பீய்ச்சிப் பாய்வதற்கான கட்டளையைக் கொண்டுபோகும் தடித்த நரம்பிழை நம் ஊசிக் கணவாய்க்கும் உண்டு. அட்லாண்டிக் இனத்தில் அது ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமன். அதனால்தான் உள்ளேயே மின்முனையைச் செலுத்த முடிந்தது. அப்படி அளந்து, பிரிட்டன் அறிவியலாளர்கள் ஹாட்ஜ்கினும் ஹக்ஸ்லியும் நரம்பில் மின்துடிப்பு எழுவதை விவரிக்கும் நான்கு வகைக்கெழுச் சமன்பாடுகளை 1952இல் எழுதினார்கள். 1963இல் நோபல் பரிசு. நம் பள்ளி ஆய்வகங்களில் அந்த இழையை ஒருமுறையாவது பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

தொண்டியிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஒரே அளவில் இரண்டு உள்ளீடுகள் வந்தும் நரம்பணு சில வேளை துடிக்கிறது (மின்துடிப்பை அனுப்புகிறது), சில வேளை துடிப்பதில்லை. ஏன்?

அருமையான கேள்வி. தெருக்குழாயடியில் ஓட்டைக் குடத்தை வைத்தவர்களுக்கு விடை தெரியும்: ஊற்றுவது விட்டுவிட்டு வந்தால் குடம் நிறையாது. நரம்பணுவின் சவ்வும் அப்படித்தான் கசிகிறது. பிரெஞ்சு அறிவியலாளர் லாப்பிக் 1907இல் முன்வைத்த மாதிரியிலிருந்து வளர்ந்த கணக்கு இது. ஓய்வில் −70 மில்லிவோல்ட், துடிப்பதற்கான வரம்பு −55 என்று வையுங்கள். ஏற வேண்டியது 15. கசிவின் காலமாறிலி, அதாவது ஏறியது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகக் குறைய ஆகும் நேரம், 20 மில்லிவினாடி. ஓர் உள்ளீடு 9 மில்லிவோல்ட் ஏற்றுகிறது. 5 மில்லிவினாடி கழித்து அதில் 7 மிஞ்சியிருக்கும். அடுத்த 9 சேர்ந்தால் 16, துடிப்பு உறுதி. 40 மில்லிவினாடி கழித்தோ 1.2தான் மிச்சம், கூட்டினால் 10.2, அமைதி. 9 என்பது விளக்கத்துக்காக நான் பெரிதாக்கிய எண். மூளையின் மேலடுக்கான புறணியில் ஒரு சினாப்ஸ் (ஒரு நரம்பணு இன்னொன்றுக்குச் செய்தி தரும் இணைப்பு) தருவது பெரும்பாலும் 1 மில்லிவோல்ட்டுக்கும் குறைவு; பல பத்து உள்ளீடுகள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் வந்தாக வேண்டும்.

கீழக்கரை ஆசிரியர்: தடுக்கும் சினாப்ஸ் என்றால் கழித்தல்தானே?

எப்போதும் அல்ல. சவ்வில் குளோரைடு அயனிகள் செல்லும் வாயில் திறக்கும்போது மின்னழுத்தம் அசையாமலே இருக்கலாம். ஆனால் குடத்தின் ஓட்டை பெரிதாகிவிடுகிறது. பிறகு வருகிற ஒவ்வோர் உள்ளீடும் சிறுத்துப்போகும். கழித்தலைவிட வகுத்தலுக்கே இது நெருக்கம். பாடம் நடத்தும்போது இந்த வேறுபாட்டைத் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.

ஏர்வாடியிலிருந்து: இந்தக் கணக்கைச் செய்துபார்க்கச் சாதாரண மடிக்கணினி போதுமா?

தாராளமாக. பைத்தான் நிரல்மொழியும், அதில் நரம்பணுக்களைக் கணினியில் இயக்கிப் பார்க்க உதவும் 'பிரையன்' நிரலும் இலவசம். மேலே சொன்ன நரம்பணுவை எழுதி, இரண்டு உள்ளீடுகளுக்கு நடுவே உள்ள இடைவெளியை 5 மில்லிவினாடியிலிருந்து ஒவ்வொன்றாகக் கூட்டுங்கள். 8இல் துடிக்கும், 9இல் துடிக்காது.