கட்டிலைத் தவறவிட்டவர்

கேள்வி: ஆங்கில 'பெட்' நம் 'படு'விலிருந்து போனது. தட்டை என்னும் 'ஃப்ளாட்' நம் 'பலகை'யிலிருந்து. உலக மொழிகளுக்கெல்லாம் தமிழே தாய் என்பதற்கு இன்னும் என்ன சான்று வேண்டும்? - ஒரு வாசகர், திருச்சி

பதில்: வேறு சான்று வேண்டும். இது சான்றே இல்லை.

காதுக்கு ஒன்றுபோலக் கேட்பதெல்லாம் உறவென்றால், ரயிலில் எதிர் சீட்டில் இருக்கும் சுருட்டைமுடிக்காரரும் உங்கள் சித்தப்பாதான். உறவு மொழிகளில் ஒலிகள் ஒரு ஒழுங்கோடு மாறும்: சமஸ்கிருதத்தின் 'பிதா'வுக்கு ஆங்கிலத்தில் 'ஃபாதர்', 'பாத'த்துக்கு 'ஃபுட்'. 'ஃப்ளாட்'டுக்கு இணையாக அகராதிகள் காட்டுவது கிரேக்கத்தின் 'பிளாடுஸ்'. அகன்றது, தட்டையானது என்று பொருள். பலகைக்கு அங்கே வேலை இல்லை. 'பெட்', ஆங்கிலத்தின் பழைய உறவான காதிக் மொழியின் 4ஆம் நூற்றாண்டு பைபிளிலேயே வந்துவிட்ட ஜெர்மானியக் குடும்பத்துச் சொல். 'தோண்டிய இடம்' என்பதே அதன் பழைய பொருள் என்று ஆய்வாளர் பலர் கருதுகிறார்கள். பூச்செடிப் பாத்தியை ஆங்கிலேயர் இன்றும் 'பெட்' என்றுதான் சொல்கிறார்.

வேடிக்கை என்னவென்றால், மடக்குக் கட்டிலுக்கு அமெரிக்கர் சொல்லும் 'காட்' இந்தியிலிருந்து போனது. இந்திக்கு அதைத் தந்தது சமஸ்கிருதத்தின் 'கட்வா'. அந்தக் 'கட்வா'வோ நம் 'கட்டில்' குடும்பத்துச் சொல் என்று ஆங்கில அகராதியே எழுதி வைத்திருக்கிறது. கையிலிருந்த அசல் சரக்கை விட்டுவிட்டீர்கள்!

'படு'வை லண்டன்வரை அனுப்பவும் வேண்டாம். அக்கம்பக்கத்தில் அது செய்திருக்கும் வேலையைப் பாருங்கள். மலையாளிக்கு மேற்கு 'படிஞ்ஞாறு', அதாவது படுஞாயிறு, மறைகிற சூரியன். தெலுங்கில் 'படமர', கன்னடத்தில் 'படுவண'. மட்டக்களப்பில் வாவிக்கு மேற்கே படுவான்கரை, கிழக்கே எழுவான்கரை. எவ்வளவு அழகான இடப்பெயர்கள்! (பிரெஞ்சுக்காரரும் மறைகிற சூரியனைப் 'படுக்கிற சூரியன்' என்கிறார். பாரிஸையும் அடுத்த கடிதத்தில் சேர்த்துவிடாதீர்கள்.)

நமக்கு மலை இருக்கும் பக்கம் மேல், அதனால் மேற்கு. தாழ்ந்து கடலுக்கு இறங்கும் பக்கம் கீழ், அதனால் கிழக்கு. மலையாளிக்கோ மேற்கில் கடல், கிழக்கில் மலை. இருந்தும் மலை நிற்கும் திசையை அவர் 'கிழக்கு' என்றே சொல்லி வருகிறார். கால்டுவெல் இதைப் பிடித்துக்கொண்டுதான், அந்தச் சொல் மலைக்கு இந்தப் பக்கம் பிறந்து அந்தப் பக்கம் போயிருக்க வேண்டும் என்று வாதிட்டார். சான்று கேட்டீர்களே, இந்த மாதிரி ஒன்று கொண்டு வாருங்கள். முழுப் பக்கம் ஒதுக்குகிறேன்.