உள்ளெரி என்ஜின் ஆராய்ச்சியில் பணிக்காலத்தைச் செலவிட்ட ஒரு பேராசிரியர், மின்வாகனங்கள் பெருகும் இந்நாளில் அந்த உழைப்பை எப்படிப் பார்க்கிறார்? இத்துறைக்கு இனியும் ஒரு மாணவர் வரலாமா?

முப்பத்து நான்கு ஆண்டுகள் பொறியியல் கல்லூரி ஒன்றின் என்ஜின் ஆய்வகத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன். அந்த உழைப்பு வீணாகவில்லை என்பதே என் உறுதியான எண்ணம். என்ஜின்கள் இன்னும் நெடுங்காலம் ஓடும் என்பதை அதற்குக் காரணமாக நான் சொல்லமாட்டேன்.

வெப்ப இயக்கவியலின் முதல் வகுப்பிலேயே மாணவர்களுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுப்போம். எந்தக் கணக்கைத் தொடங்கினாலும், ஆராயப்படும் பொருளைச் சுற்றிப் புள்ளிகளால் ஒரு கோடு வரைய வேண்டும். அந்தக் கோட்டைத் தாண்டி உள்ளே வருவது எது, வெளியே போவது எது என்று பார்க்க வேண்டும். என் பணிக்காலத்தை இன்று திரும்பிப் பார்க்கும்போது, அந்தக் கோட்டைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலப்படுத்தி வரைந்ததே நான் செய்த வேலை என்று தோன்றுகிறது.

முனைவர் பட்ட ஆய்வின்போது என் கோடு ஒரே ஒரு டீசல் சிலிண்டரைச் சுற்றி இருந்தது. டீசல் என்ஜினின் அடிப்படைச் சிக்கலை எளிமையாகச் சொல்லலாம். தீச்சுடர் மிகச் சூடாக இருந்தால், ஏறத்தாழ 1800 கெல்வினுக்கு மேல், காற்றில் சும்மா இருக்கும் நைட்ரஜனும் ஆக்சிஜனும் சேர்ந்து, நைட்ரஜன் ஆக்சைடு எனப்படும் மாசு வாயுக்களில் முதன்மையான நைட்ரிக் ஆக்சைடு வேகமாக உருவாகிறது. செல்டோவிச் என்ற சோவியத் அறிஞர் 1940களில் விளக்கிய வினை இது. சூட்டைக் குறைப்பதற்காக எரிபொருளைத் தாமதமாகத் தெளித்தாலோ, வெளியேறும் வாயுவில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே அனுப்பினாலோ நைட்ரஜன் ஆக்சைடு குறையும். ஆனால் கரி முழுமையாக எரிந்து தீராமல் புகையாக வெளியேறும். ஒன்றை அழுத்தினால் மற்றொன்று எழும். இந்த இழுபறியில் என் தலைமுறை ஆய்வாளர்கள் பலரின் இளமை கழிந்தது.

கரியை அளக்க அப்போது எங்களிடம் இருந்தது வெள்ளை வடிதாள். குறிப்பிட்ட அளவு புகையை அதன் வழியே உறிஞ்சி, தாளில் விழுந்த வட்டம் எவ்வளவு கறுத்திருக்கிறது என்பதை ஒளியைப் பாய்ச்சி 0 முதல் 10 வரையான அளவில் படிப்போம். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும் பென்சிலால் என்ஜினின் சுமையையும் வேகத்தையும் எழுதி, குறிப்பேட்டில் ஒட்டிவைப்போம். அந்தக் குறிப்பேடுகள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. தாளின் நிறத்தைப் பார்த்த உடனே தெளிப்பான் தேய்ந்துவிட்டதா என்று சொல்லிவிடும் தொழில்நுட்ப உதவியாளர் ஒருவர் எங்கள் ஆய்வகத்தில் இருந்தார். பட்டம் பெற்ற பலரைவிட அவரிடம் நான் கற்றது அதிகம்.

அதே ஆய்வகத்தில்தான் என் பணிக்காலத்தின் மிக முக்கியமான பாடமும் கிடைத்தது. வாயுவைத் திரும்ப அனுப்பிச் செய்த ஒரு சோதனைத் தொடரில் நைட்ரஜன் ஆக்சைடும் புகையும் ஒருசேரக் குறைந்தன. எல்லோரும் தேடிக்கொண்டிருந்த விடை எங்கள் கைக்கு வந்துவிட்டதாக மகிழ்ந்து, கருத்தரங்குக்குக் கட்டுரையும் அனுப்பிவிட்டோம். இரண்டாம் ஆண்டு ஆய்வு மாணவி ஒருவர், காற்றுக்கும் எரிபொருளுக்கும் உள்ள விகிதத்தை இரு வழிகளில் கணக்கிட்டுப் பார்த்தார். உள்ளே போகும் காற்றையும் எரிபொருளையும் நேராக அளந்தால் ஒரு விடை வந்தது. வெளிவரும் கரியமில வாயுவையும் ஆக்சிஜனையும் கொண்டு கணக்கிட்டால் வேறொரு விடை வந்தது. மாதிரி வாயு செல்லும் குழாயின் ஓர் இணைப்பு தளர்ந்து, வெளிக்காற்று உள்ளே கசிந்துகொண்டிருந்தது. எங்கள் புகை குறையவில்லை, நீர்த்துப்போயிருந்தது. ஏழு வாரத் தரவுகளை ஒதுக்கிவிட்டுக் கட்டுரையைத் திரும்பப் பெற்றோம். அந்த இரண்டு விகிதங்களும் இரண்டு விழுக்காட்டுக்குள் பொருந்தாத எந்த அளவீட்டையும் வரைபடத்தில் குறிக்கக் கூடாது என்பது அன்றிலிருந்து எங்கள் ஆய்வகத்தின் விதியாயிற்று.

1997இல், அமெரிக்காவின் சாண்டியா தேசிய ஆய்வகத்தைச் சேர்ந்த ஜான் டெக், லேசர் ஒளியைத் தகடுபோல் மெல்லியதாகப் பாய்ச்சி எடுத்த படங்களின் அடிப்படையில், டீசல் தெளிப்பு எப்படி எரிகிறது என்பதற்கு ஒரு புதிய சித்திரத்தை முன்வைத்தார். தெளிப்பின் உட்பகுதியில் எரிபொருள் மிகுந்த கலவை பாதி எரிந்து கரியாகிறது. அதைச் சுற்றி மெல்லிய உறைபோல் ஒரு சுடர் நிற்கிறது. கரியும் நைட்ரஜன் ஆக்சைடும் ஏன் வேறுவேறு இடங்களில் பிறக்கின்றன என்பதை அந்தப் படம் கண்முன் காட்டியது. நான் வகுப்பில் பல ஆண்டுகள் வரைந்துவந்த படத்தை அந்தப் பருவத்திலேயே மாற்றிக்கொண்டேன்.

அதன்பின் கோடு புகைக்குழாயின் முனைவரை நீண்டது. கரியைப் பிடிக்க வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடை நைட்ரஜனாகவும் நீராகவும் மாற்ற யூரியாக் கரைசலும் வினையூக்கியும் வந்தன. ஐரோப்பிய விதிகளில் டீசல் கார்களுக்கான நைட்ரஜன் ஆக்சைடு வரம்பு 2000இல் கிலோமீட்டருக்கு 500 மில்லிகிராமாக இருந்து, 2014இல் 80 மில்லிகிராமுக்கு இறங்கியது. இந்தச் சரிவின் பின்னே ஆயிரக்கணக்கான பொறியாளர்களின் உழைப்பு இருக்கிறது.

ஆனால் ஆய்வகத்தில் இறங்கிய எண் சாலையில் இறங்கவில்லை. மேற்கு வர்ஜீனியப் பல்கலைக்கழகத்தின் சிறு குழு ஒன்று அளவிடும் கருவிகளைக் காரிலேயே ஏற்றி, ஓடும் வண்டியில் புகையை அளந்தது. அந்த அளவீடுகளின் தொடர்ச்சியாக, சோதனை நடக்கிறதா என்று கண்டறிந்து அந்நேரம் மட்டும் சுத்தமாக ஓடும் மென்பொருளை வோக்ஸ்வேகன் தன் டீசல் கார்களில் வைத்திருந்தது 2015இல் வெளிப்பட்டது. சாலையில் அவற்றுள் சில, வரம்பைப்போல் 40 மடங்குவரை நைட்ரஜன் ஆக்சைடை வெளியிட்டிருந்தன. எங்கள் துறை முழுவதற்கும் அது தலைகுனிவு. எனினும் அதைக் கண்டுபிடித்ததும் இதே துறைதான் என்பதை மாணவர்களிடம் நான் எப்போதும் சேர்த்தே சொல்வேன்.

கடைசிப் பத்தாண்டுகளில் கோடு எரிபொருள் பிறக்கும் இடத்தையும் உள்ளடக்க வேண்டியதாயிற்று. தாவர எண்ணெயிலிருந்து பெறும் டீசலில் சில ஆண்டுகள் உழைத்தேன். அந்தத் தாவரங்களுக்கு வேண்டிய நிலமும் நீரும் கோட்டுக்குள் வந்ததும், அந்த டீசலால் ஓரளவுக்கு மேல் உதவ முடியாது என்பது தெரிந்துவிட்டது. ஹைட்ரஜன் வேறு வகை. காற்றில் 4 முதல் 75 விழுக்காடுவரை எந்தக் கலவையிலும் பற்றிக்கொள்ளும் அதை, நிறையக் காற்றுடன் மெலிதாக எரித்தால் நைட்ரஜன் ஆக்சைடு மிகவும் குறையும். ஆனால் மின்சாரத்தால் நீரைப் பிரித்து, வாயுவை அழுத்தி, என்ஜினில் எரித்தால், தொடக்கத்தில் செலவிட்ட 100 அலகு மின்சாரத்தில் ஏறத்தாழ 25 அலகே சக்கரத்தைச் சேரும். அதே மின்சாரம் பேட்டரி வழியே சென்றால் 70க்கு மேல் சேரும். ஆகவே சிறு கார்களுக்கு மின்வாகனமே சரி என்று, என்ஜின் பேராசிரியனாக இருந்துகொண்டே வகுப்பில் சொல்லிவந்தேன். சக ஊழியர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை. பெருங்கடலைக் கடக்கும் சரக்குக் கப்பலுக்குப் பேட்டரி போதாது; அங்கே எரிபொருளும் எரிதலும் இன்னும் தேவைப்படுகின்றன.

எனவே, இத்துறைக்கு வரலாமா என்று கேட்கும் மாணவருக்கு என் பதில்: வரலாம், ஆனால் என்ஜினின் மீதுள்ள பற்றால் மட்டும் வராதீர்கள். வேதி வினைகளின் வேகத்தை ஆழமாகப் படியுங்கள். அளவிடும் கருவியைப் பிரித்துப் பூட்டத் தெரிந்துகொள்ளுங்கள். கணினி மாதிரிகள் அவசியமே. ஆனால் கசியும் ஒரு குழாய் இணைப்பை எந்த மாதிரியும் உங்களுக்குக் காட்டித்தராது.

என்னிடம் இறுதியாக ஆய்வு செய்த மாணவர் அம்மோனியாவை எடுத்துக்கொண்டார். அதில் கார்பன் இல்லை. அதனால் அதன் புகையில் கரியமில வாயுவும் இல்லை. கப்பல்களுக்கு ஏற்றதென்று பலரும் நம்பும் எரிபொருள் அது. எங்கள் திட்ட அறிக்கையில் அளக்க வேண்டிய வாயுக்களின் பட்டியலில் நைட்ரஸ் ஆக்சைடு இல்லை; முன்பு சொன்ன நைட்ரிக் ஆக்சைடிலிருந்து இது வேறு. அம்மோனியா சரியாக எரியாதபோது அது உருவாகக்கூடும். புவியைச் சூடாக்குவதில், எடைக்கு எடை, நூறாண்டுக் கணக்கில் கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 270 மடங்கு வலியது. அவர் யாரும் கேட்காமலேயே அதற்கான கருவியை வேறு துறையிலிருந்து இரவல் வாங்கிவந்து என்ஜின் சோதனை மேடையில் பொருத்தினார். முதல் நாளே, குறைந்த சுமையில், முள் அசைந்தது.