எட்டு நிமிட ஊர்

அன்புள்ள ஐயா,

ஒசாகாவில் இரண்டு வருடமாக வேலை பார்க்கிறேன். மே மாத விடுமுறைக்கு மனைவி, ஒன்றரை வயது மகளோடு கனாசாவா போனேன். முன்பெல்லாம் தண்டர்பேர்ட் ரயிலில் ஏறி உட்கார்ந்தால் நேராகக் கனாசாவாவில்தான் இறங்குவோம் என்று அலுவலகத்தில் பெருமூச்சு விடுவார்கள். இப்போது வழியில் சுருகா என்ற ஊரில் எல்லோரும் இறங்கி ஷின்கான்சென் அதிவேக ரயிலுக்கு மாற வேண்டியிருக்கிறது. கையில் ஸ்ட்ரோலர், இரண்டு பெட்டி, தூங்கிக்கொண்டிருந்த குழந்தை. கொடுத்த நேரம் எட்டு நிமிடம். எப்படியோ ஓடிப் பிடித்துவிட்டோம், குழந்தைதான் விழித்துக்கொண்டு கனாசாவா வரை அழுதாள்.

எதையும் யோசித்துச் செய்கிற நாடு இதை மட்டும் ஏன் இப்படிப் பாதியில் விட்டது? ஒரு இணையச் சந்திப்பில் நீங்கள் சுருகாவில் இரண்டு நாள் தங்கியதாகச் சொன்ன ஞாபகம். ரயில் மாறுவதைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

எம்., ஒசாகா

அன்புள்ள எம்.,

நீங்கள் பிடித்துவிட்டீர்கள். நான் கோட்டை விட்டேன், அதனால்தான் அந்த இரண்டு நாள். தப்பு என்னுடையதுதான். ஷின்கான்சென் நிற்கும் மூன்றாவது தளத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே கீழே நின்றுவிட்டேன். அடுத்த வண்டியில் போயிருக்கலாம். என்னவோ தோன்றி, ஊருக்குள் நடந்து ஒரு அறை எடுத்தேன்.

முதலில் அந்த எட்டு நிமிடக் கணக்கு. ஷின்கான்சென் ஓடுவது 1,435 மில்லிமீட்டர் தண்டவாளத்தில். தண்டர்பேர்ட் ஓடுவது 1,067-இல், நம் பழைய மீட்டர் கேஜைவிடக் கொஞ்சம் அகலம், அவ்வளவுதான். ஒன்றின் வண்டி மற்றதில் ஏறாது. சக்கரங்களின் இடைவெளியை ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளும் ரயிலைப் பல ஆண்டுகள் சோதித்துப் பார்த்தார்கள். அச்சுத் தேய்மானம் உள்ளிட்ட சிக்கல்கள் தீரவில்லை, 2018-இல் இந்தத் தடத்துக்கு அது வேண்டாம் என்று விட்டார்கள். மிஞ்சியது மனிதர்களை மாற்றுவது. 2024 மார்ச் 16 அன்று கனாசாவாவிலிருந்து சுருகா வரை 125 கிலோமீட்டர் புதுத் தடம் திறந்தபோது, மேலே ஷின்கான்சென், நேர் கீழே சாதாரண விரைவு ரயில், நடுத்தளத்தில் டிக்கெட் வாயில்கள் என்று அடுக்கிவிட்டார்கள். இவ்வளவு செய்து ஒசாகா - கனாசாவா பயணத்தில் மிச்சமானது சுமார் இருபது நிமிடம். உங்கள் அலுவலகத்தாரின் பெருமூச்சு புரிகிறது.

ஆனால் ஒன்று. 2015 முதல் அந்த நாள் வரை டோக்கியோ பக்கம் போகிறவர்கள் கனாசாவாவில் இதே போல இறங்கி மாறிக்கொண்டிருந்தார்கள். தடத்தின் முறிவு அங்கிருந்து நகர்ந்து இங்கே வந்திருக்கிறது. இங்கே அது அந்நியமும் இல்லை. சுருகா ஆயிரம் வருடமாகச் சாப்பிடுவதே இந்த முறிவை வைத்துத்தான்.

வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஜப்பான் கடல் கியோட்டோவை நோக்கி ஆழமாக உள்வாங்கும் இடத்தில் இந்த விரிகுடா இருக்கிறது. தெற்கே ஒரு மலைத்தொடர், அதைத் தாண்டினால் பிவா ஏரியின் வடகரை. ஜப்பானின் வடபகுதி அரிசி, மீன் எல்லாம் கப்பலில் வந்து இங்கே இறங்கும். குதிரை முதுகில் மலை ஏறும். ஏரிக்கரையில் மறுபடி படகு, அப்புறம் மறுபடி கரை, பிறகு கியோட்டோ. ஒவ்வொரு இறக்கி ஏற்றலிலும் கூலி உண்டு, கிடங்கு வாடகை உண்டு, சத்திரத்தில் ஒரு இரவு உண்டு. ஊர் அதில் வளர்ந்தது.

ஆட்சியில் இருந்தவர்களுக்கு இது வீண் செலவாகத் தெரிந்ததில் வியப்பில்லை. 12-ஆம் நூற்றாண்டில் தைரா நோ கியோமோரி கடலையும் ஏரியையும் கால்வாயால் இணைக்கச் சொன்னார், தோண்டும்போது பாறை மறித்தது, அதில் ஜிஸோ வெளிப்பட்டதும் வேலையை நிறுத்திவிட்டார்கள் என்பது ஊர்க்கதை. ஜிஸோ என்றால் வழிப்போக்கர்களைக் காக்கும் போதிசத்துவர். தோண்டுவதை நிறுத்திய ஜிஸோ என்றே அவருக்கு அங்கே ஒரு பெயர் உண்டு. தன் பக்தர்கள் எதனால் பிழைக்கிறார்கள் என்று தெரிந்த தெய்வம் போலும்.

கால்வாய் வரவில்லை. ஆனால் அடி வேறு பக்கமிருந்து விழுந்தது. 1672-இல் கவாமுரா ஸுய்கென் என்ற வணிகர் அரசுக்காக மேற்குச் சுற்றுக் கடல்வழியை ஒழுங்குபடுத்தினார். வடக்கிலிருந்து கிளம்பிய கப்பல் ஷிமோனோசெகி வழியாகச் சுற்றிக்கொண்டு நேரே ஒசாகா போய்விடலாம். தூரம் பல மடங்கு, ஆனால் எங்கும் இறக்கி ஏற்ற வேண்டாம். அரிசி அந்த வழியில் போக ஆரம்பித்ததும் சுருகாவின் பழைய செழிப்பு வற்றியது. உங்கள் அலுவலகத்தார் கேட்கும் அதே நேரடி வண்டிதான், 350 வருடம் முன்பு.

ஊரைத் தாங்கிப் பிடித்ததில் பெரும் பங்கு கொம்புவுக்கு. மாட்டுக் கொம்பு அல்ல, ஹொக்கைடோவில் விளையும் தடித்த கடற்பாசி. ஜப்பானியச் சமையலில் ரசம், குழம்பு மாதிரியான பலவற்றுக்கும் அது அடிப்படை. அது இங்கே விளைவதில்லை, வந்து இறங்குகிறது. இறங்கிய சரக்கு கிடங்கில் கிடந்து முதிர்ந்தால் ருசி கூடும் என்று கண்டுபிடித்தார்கள். அப்புறம் காடியில் ஊறவைத்துக் கத்தியால் மெல்லிய படலமாகச் சீவக் கற்றுக்கொண்டார்கள். ஒபோரோ கொம்பு என்று பெயர். ஜப்பானில் கையால் சீவப்படும் ஒபோரோவில் மிகப் பெரும் பங்கு இன்றும் சுருகாவுடையது.

ரயில் வந்ததும் இதே கதைதான். டோக்கியோவையும் கோபேயையும் இணைக்கும் தடம் 1889-இல்தான் முடிந்தது. அதற்கு ஏழு வருடம் முன்பே, 1882-இல், சுருகா துறைமுகத்துக்கும் ஏரிக்கரை நாகஹாமாவுக்கும் இடையே ரயில் ஓட ஆரம்பித்துவிட்டது, மலையடியில் ஒரு துண்டு நீங்கலாக. 1,352 மீட்டர் யானாகசே சுரங்கம் 1884-இல் முடிந்தபோது நாட்டிலேயே நீளமானது அதுதான். 1912-இல் டோக்கியோவின் ஷிம்பாஷியிலிருந்து சுருகா துறைமுகம் வரை ரயில், அங்கே விளாடிவொஸ்டாக் கப்பல், அங்கிருந்து சைபீரிய ரயில். ரயிலும் கப்பலுமாக இலங்கைக்குப் போன நம் போட் மெயில் மாதிரி, ஆனால் சீட்டு பாரிஸ் வரை. கடல் வழியாக மாதத்துக்கு மேல் ஆகும் பயணம் 17 நாளில் முடிந்தது.

அந்தத் தடத்தில் எதிர்த்திசையில் வந்தவர்களைத்தான் சுருகா இன்றும் நினைவில் வைத்திருக்கிறது. 1920-லும் 1922-லும் சைபீரியாவில் தவித்த போலந்து அநாதைக் குழந்தைகள், எழுநூறுக்கும் மேல். பிறகு 1940-41-இல் யூதர்கள். லித்துவேனியாவின் கௌனாஸில் இருந்த ஜப்பானியத் தூதரக அதிகாரி சியூனே சுகிஹாரா தன் அரசின் விதிகளை மீறி எழுதித் தள்ளிய விசாக்களோடு வந்தவர்கள். அது குடியேறும் விசா அல்ல, கடந்துபோகும் விசா. கடந்து எங்கே போவது என்று காட்ட ஒரு ஊர் வேண்டுமே? அங்கேயே இருந்த டச்சு கௌரவத் துணைத்தூதர் யான் ஸ்வார்டென்டைக், கரீபியனில் உள்ள குராசாவ் தீவுக்கு விசா தேவையில்லை என்று எழுதிக் கொடுத்தார். பெரும்பாலோர் அந்தத் தீவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

காகிதப்படி அவர்களுக்குச் சுருகா மாறும் இடம் மட்டுமே. இறங்கியதும் கோபேக்கோ யோகோஹாமாவுக்கோ ரயில் ஏறிவிட்டார்கள். அந்தச் சில மணி நேரத்தில் நடந்தவற்றை ஊர் முதியவர்களிடம் கேட்டுத் தொகுத்துத் துறைமுகத்தருகே ஒரு அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். பொதுக் குளியலகக்காரர் ஒருநாள் வாடிக்கையாளர்களை நிறுத்திவிட்டு, வந்தவர்களுக்கு இலவசமாகத் திறந்துவிட்டார். ஒரு பையன் கூடை நிறைய ஆப்பிள் கொடுத்தான், வாங்கியவர் ஒரு கடி கடித்து அடுத்தவர் கையில் கொடுத்தார், அவர் கடித்து அடுத்தவருக்கு. நான் அந்த வாசகத்தின் முன் வெகு நேரம் நின்றேன். அன்றைய ஊர் இப்போது இல்லை. 1945 ஜூலையில் குண்டு வீசி எரித்துவிட்டார்கள். 1905-இல் கட்டிய செங்கல் கிடங்குகள் தப்பி நிற்கின்றன.

ஷின்கான்செனுக்கு முன்பே மின்சாரத்திலும் ஒரு முறிவு இருந்தது தெரியுமா? 1957-இல் சுருகா வரை மாறுதிசை மின்சாரம் போட்டார்கள். ஒசாகா பக்கம் நேர்திசை. 2006-இல் சுருகா வரை நேர்திசைக்கு மாற்றிய பிறகுதான் கியோட்டோ, ஒசாகாவின் சாதாரணக் கட்டண விரைவு ரயில்கள் இங்கே வந்தன. இப்போதும் நிலையத்துக்கு வடக்கே, சுரங்கத்தை ஒட்டி, மின்சாரம் மாறும் இடம் இருக்கிறது. 2024-க்குப் பிறகு அந்த வடக்குத் தடத்தை நடத்தும் நிறுவனமே வேறு. அணுமின் நிலையங்களும் இந்த ஊரில் உண்டு. 1970 ஒசாகா உலகக் கண்காட்சிக்கு இங்கிருந்துதான் அணுமின்சாரம் போனது. அது தனிக்கதை, இன்னொரு நாள்.

எப்போது ஒசாகா வரை தடம் வரும் என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டதாக எடுத்துக்கொள்கிறேன். ஒபாமா (ஊர்தான், அதிபர் இல்லை) வழியாகக் கியோட்டோ, அங்கிருந்து ஒசாகா என்று 2016-17-இல் வழியை முடிவு செய்தார்கள். ஆனால் கியோட்டோவில் நிலத்தடி நீர் போய்விடும் என்று சாக்கே என்ற அரிசி மது வடிப்பவர்கள் உட்படப் பலர் கவலைப்படுகிறார்கள். செலவு மதிப்பீடு ஏறிக்கொண்டே போகிறது. மைபாரா என்ற ஊர் வழியாகப் போனால் என்ன என்று இன்னொரு குரல். ஸ்ட்ரோலரில் இருக்கும் உங்கள் மகள் தன் குழந்தையைத் தள்ளிக்கொண்டு அதே நடுத்தளத்தில் ஓடினாலும் நான் ஆச்சரியப்பட மாட்டேன். தடம் சீக்கிரம் வர வேண்டும் என்றுதான் ஊரும் வெளியில் சொல்கிறது. வந்த பிறகு இங்கே யார் இறங்குவார்கள் என்ற கேள்வி 1672-ஐப் படித்த எனக்கு வருகிறது.

அடுத்த முறை வேண்டுமென்றே ஒரு வண்டியை விட்டுவிடுங்கள். கெஹி ஆலயத்தின் சிவப்பு மர வாயில் நடக்கும் தூரம்தான். இரவில் சாலையோரம் ராமென் தள்ளுவண்டி நிற்கும். நள்ளிரவை ஒட்டி ஹொக்கைடோ கப்பல் லாரிகளை விழுங்கிக்கொண்டு கிளம்பும், இருபது மணி நேரப் பயணம். முக்கியமாக, ஒரு பொட்டலம் ஒபோரோ கொம்பு வாங்குங்கள். கிண்ணத்தில் ஒரு சிட்டிகை அள்ளிப் போட்டு, இரண்டு சொட்டு சோயா சாஸ் விட்டு, கொதிநீர் ஊற்றினால் போதும், சூப் ரெடி. உப்பு போட வேண்டாம், அதிலேயே இருக்கிறது.

குழந்தைக்கு என் அன்பு.