கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 செட்டிங்ஸ்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

கவுன்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கம்ப்யூட்டர் ஆட்டத்தின் செட்டிங்ஸ் குறித்து வந்த கேள்விகளில் ஒரே பொருளைக் கேட்டவற்றை ஒன்றாகச் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். 2012-இல் வந்த பழைய ஆட்டத்தை நீக்கிவிட்டு, 2023 செப்டம்பர் 27 அன்று வால்வ் நிறுவனம் இதை அதன் இடத்தில் வைத்தது. ஆட்டத்தை இயக்கும் அடிப்படை மென்பொருள் சோர்ஸ் 2 என்ஜினுக்கு மாறியதால், பழைய ஆட்டத்தில் நாம் மனப்பாடமாக வைத்திருந்த பாதி வழிமுறைகள் இதில் பயன்படாமல் போய்விட்டன. வந்த கேள்விகளில் பாதியாவது அந்தப் பழைய பாடங்களை வைத்துக் கேட்கப்பட்டவை.

கேள்வி: என் கம்ப்யூட்டரில் 200 எஃப்பிஎஸ் காட்டுகிறது. ஆனாலும் எதிரே இரண்டு பேர் வந்து ஒரு ஸ்மோக்கும் (புகைக்குண்டு) விழுந்துவிட்டால் படம் சிக்கிச் சிக்கி ஓடுகிறது. கிராஃபிக்ஸ் கார்டை மாற்ற வேண்டுமா?

அவசரப்பட்டுப் பணத்தைச் செலவிடாதீர்கள். ஒரு விநாடியில் எத்தனை பிரேம்கள் (படங்கள்) வந்தன என்பதை மட்டுமே எஃப்பிஎஸ் சொல்லும். அவை சீரான இடைவெளியில் வந்தனவா என்பதை அது சொல்லாது. 200 பிரேம்களும் ஒழுங்காக வந்தால் ஒவ்வொன்றுக்கும் 5 மில்லி விநாடி ஆகும். அப்படியல்லாமல் 190 பிரேம்கள் 4 மில்லி விநாடிக்கு ஒன்றாக விரைந்து வந்து, மீதமுள்ள 10 பிரேம்கள் ஒவ்வொன்றும் 24 மில்லி விநாடி எடுத்துக்கொண்டாலும் மூலையில் தெரியும் எண் அதே 200தான். அந்தப் பத்துப் பிரேம்கள் பெரும்பாலும் எதிரி தலைகாட்டும் நேரமாகப் பார்த்து வருவதற்குக் காரணம் உண்டு: கணக்கிட வேண்டிய ஆட்கள், குண்டுகள், புகை எல்லாம் ஒன்றாகச் சேர்வது அப்போதுதான்.

முதலில் செட்டிங்ஸில் உள்ள டெலிமெட்ரி பகுதிக்குச் சென்று, பிரேம் டைம் (ஒவ்வொரு பிரேமுக்கும் ஆகும் நேரம்) எப்போதும் திரையில் தெரியும்படி வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து, ரெசல்யூஷனை மிகவும் குறைத்து அதே மேப்பில் பத்து நிமிடம் ஆடிப் பாருங்கள். எஃப்பிஎஸ் கணிசமாக ஏறினால் தடை கிராஃபிக்ஸ் கார்டில் இருக்கிறது. ஏறவே இல்லையென்றால் பிராசசரிலோ ராமிலோ இருக்கிறது. இந்த ஆட்டம் பிராசசரையே அதிகம் நம்பியிருப்பதால், பலருக்கும் இரண்டாவது விடைதான் கிடைக்கும். அப்படியானால் பெட்டியைத் திறந்து, ராம் ஒற்றைக் குச்சியாக இருக்கிறதா என்று பாருங்கள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருப்பதைவிட 8 ஜிபி குச்சிகள் இரண்டாக இருப்பது மேல், ஏனெனில் இரண்டு வழிகளில் தரவு போய்வரும். குச்சிகள் இரண்டாகவே இருந்தால், பயாஸில் (கம்ப்யூட்டர் தொடங்கும்போது திறக்கும் அடிப்படை செட்டிங்ஸ்) ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ இயக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். 3200 என்று அச்சிட்டு விற்ற ராம் அது இயக்கப்படாததால் 2133-இலோ 2400-இலோ ஓடிக்கொண்டிருப்பது மிகவும் சாதாரணமாக நடக்கும் சங்கதி. இதைச் சரிசெய்ய ஒரு ரூபாயும் ஆகாது.

கேள்வி: 144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினேன். பழைய 60 ஹெர்ட்ஸுக்கும் இதற்கும் எனக்கு எந்த வித்தியாசமும் தெரியவில்லை. என் கண்ணில் கோளாறா?

கண்ணில் கோளாறு இல்லை. விண்டோஸ் டிஸ்ப்ளே செட்டிங்ஸில் ரிஃப்ரெஷ் ரேட் (திரை ஒரு விநாடியில் எத்தனை முறை புதுப்பிக்கப்படுகிறது என்பது) இன்னும் 60-ஆகவே இருக்கும். இதை நான் இவ்வளவு உறுதியாகச் சொல்வதற்குக் காரணம், புது மானிட்டர் வாங்கிய நானே நான்கு மாதம் அதை 60 ஹெர்ட்ஸில் ஓட்டிக்கொண்டு, "ஆகா, எவ்வளவு வழவழப்பு!" என்று நண்பர்களிடம் பெருமையடித்தவன் என்பதுதான். அங்கே 144 என்ற தேர்வே தெரியவில்லையென்றால் கேபிளை மாற்றிப் பாருங்கள், முடிந்தால் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளைப் பயன்படுத்துங்கள். கேபிளின் மறுமுனை மதர்போர்டில் அல்லாமல் கிராஃபிக்ஸ் கார்டில் செருகப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 60 ஹெர்ட்ஸில் ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 16.7 மில்லி விநாடி, 144-இல் 6.9, 240-இல் 4.2. முதல் தாவல்தான் பெரியது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. அதனால் 144 வைத்திருப்பவர் 240-க்காகக் கடன் வாங்க வேண்டியதில்லை.

கேள்வி: வி-சிங்க் எந்த நிலையிலும் கூடாது என்றுதான் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறேன். இப்போது ஜி-சிங்க், வி-சிங்க், ரிஃப்ளெக்ஸ் மூன்றையும் ஒன்றாகப் போடச் சொல்கிறார்கள். எது சரி?

இரண்டுமே சரி, உங்களிடம் இருக்கும் மானிட்டரைப் பொறுத்தது. வி-சிங்க் பிரேம்களைத் திரையின் சுற்றோடு ஒட்டி அனுப்பும்; ஜி-சிங்க் திரையின் சுற்றையே பிரேம்களுக்கு ஏற்ப மாற்றும்; ரிஃப்ளெக்ஸ் என்பது என்விடியா கார்டுகளில் தாமதத்தைக் குறைக்கும் வசதி. ஜி-சிங்க் போன்ற மாறும் ரிஃப்ரெஷ் வசதி இல்லாத மானிட்டரில் வி-சிங்கைப் போட்டால், முடிந்த பிரேமும் திரையின் அடுத்த சுற்றுக்காக வரிசையில் காத்து நிற்கும். மவுஸ் எண்ணெயில் நகர்வதைப் போலத் தோன்றும். அங்கே அதை அணைத்துவிட்டு, படம் சற்றுக் கிழிவதைப் பொறுத்துக்கொள்வதே நல்லது. ஜி-சிங்க் இருந்தால் கதை வேறு. மூன்றையும் இயக்கியதும் ரிஃப்ளெக்ஸ் தானாகவே எஃப்பிஎஸ்ஸை மானிட்டரின் எல்லைக்குச் சற்றுக் கீழே, 144 ஹெர்ட்ஸ் என்றால் சுமார் 138-இல் பிடித்து நிறுத்துகிறது. வரிசை உருவாவதே இல்லை என்பதால் வி-சிங்கின் பழைய தாமதமும் வருவதில்லை. உங்கள் கம்ப்யூட்டர் நிலையாக 300-க்கு மேல் தருமானால், எஃப்பிஎஸ்ஸுக்கு எந்த எல்லையும் வைக்காமல் ஆடுவதில் தாமதம் இன்னும் கொஞ்சம் குறையும். ஆனால் 150-க்கும் 250-க்கும் இடையே ஊசலாடும் கம்ப்யூட்டருக்கு நான் மூன்றையும் போடத்தான் சொல்வேன். ஒரே சீராக ஓடும் 138-க்குக் கை பழகிவிடும், ஊசலாட்டத்துக்குப் பழகாது.

ஏஎம்டி கார்டு வைத்திருப்பவர்கள் இதற்கு நிகராக ஆட்டத்துக்குள்ளேயே வரும் ஆன்டி-லேக் 2-ஐப் பயன்படுத்தலாம். 2023 அக்டோபரில் ஆன்டி-லேக் பிளஸ் டிரைவர் ஆட்டத்தின் கோப்புகளுக்குள் கைவைத்ததால் பலருக்கு வாக் (வால்வின் ஏமாற்றுத் தடுப்பு மென்பொருள்) தடை விழுந்ததும், ஏஎம்டி அதைத் திரும்பப் பெற்றதும், வால்வ் அந்தத் தடைகளை நீக்கியதும் நினைவிருக்கலாம். இப்போதைய வசதி வேறு. அந்த அச்சம் தேவையில்லை.

கேள்வி: 1600 டிபிஐ, ஆட்டத்தில் சென்சிட்டிவிட்டி 2.5. பக்கத்தில் வருபவரை எளிதாகச் சுடுகிறேன். தூரத்தில் தலையில் குறி நிற்பதே இல்லை. என்ன செய்வது?

இந்தக் கேள்விக்குக் கருத்தாக இல்லாமல் கணக்காகவே பதில் சொல்லலாம். டிபிஐ என்பது மவுஸ் ஓர் அங்குலம் நகர்ந்தால் அனுப்பும் எண்ணிக்கை. இந்த ஆட்டத்தில் மவுஸ் அனுப்பும் ஒவ்வொரு எண்ணிக்கைக்கும், சென்சிட்டிவிட்டி 1 என்றால், பார்வை 0.022 பாகை திரும்பும். அதிலிருந்து கிடைக்கும் எளிய வழி இது: டிபிஐயையும் சென்சிட்டிவிட்டியையும் பெருக்கி, அந்த எண்ணால் 41,560-ஐ வகுத்தால், ஒரு முழுச் சுற்றுச் சுற்ற மவுஸை எத்தனை சென்டிமீட்டர் நகர்த்த வேண்டும் என்பது வரும். உங்களுக்கு 1600 பெருக்கல் 2.5, அதாவது 4000, வகுத்தால் 10.4 சென்டிமீட்டர். ஒரு சோப்புக் கட்டியின் நீளத்துக்குள் நீங்கள் முழுதாகச் சுற்றிவிடுகிறீர்கள்.

இதைத் தூரத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் கை 1 மில்லிமீட்டர் நடுங்கினால் பார்வை ஏறத்தாழ மூன்றரைப் பாகை விலகும். 20 மீட்டர் தள்ளி நிற்கும் எதிரியிடம் அது 1.2 மீட்டர். தலையில் வைத்த குறி ஆளையே விட்டுப் பக்கத்துச் சுவருக்குப் போய்விடும். 800 டிபிஐயும் சென்சிட்டிவிட்டி 1-உம் வைத்தால் ஒரு சுற்றுக்கு 52 சென்டிமீட்டர் ஆகும். அதே 1 மில்லிமீட்டர் நடுக்கம் அதே 20 மீட்டரில் 24 சென்டிமீட்டர்தான் விலகும். போட்டிகளில் ஆடுபவர்களில் பெரும்பாலோர் 40-இலிருந்து 70 சென்டிமீட்டர் வரை வைத்திருப்பது இதனால்தான்.

ஒரே நாளில் 52-க்குப் போகாதீர்கள். முதலில் 20 சென்டிமீட்டர், பிறகு 30 என்று வாரத்துக்கு ஒரு படியாக மாற்றுங்கள். மணிக்கட்டை மட்டும் அசைத்து ஆடிய பழக்கம் முழங்கையிலிருந்து அசைக்கும் பழக்கமாக மாற வேண்டியிருப்பதால், முதல் இரண்டு வாரம் உங்கள் ஆட்டம் மோசமாகத்தான் இருக்கும். வேலோரன்டும் ஆடுபவர்கள், இங்கே வைத்திருக்கும் சென்சிட்டிவிட்டியை 3.18-ஆல் வகுத்து அங்கே வைத்துக்கொண்டால் கைக்கு ஒரே உணர்வு கிடைக்கும்.

கேள்வி: 1280-க்கு 960 ஸ்ட்ரெச்டு வைத்தால் எதிரி பருமனாகத் தெரிவதால் சுடுவது எளிது என்கிறார்களே?

4:3 அளவுப் படத்தை அகலமான 16:9 திரை முழுக்கப் பக்கவாட்டில் மூன்றில் ஒரு பங்கு இழுத்து நிரப்புவதுதான் ஸ்ட்ரெச்டு என்பதால், பருமனாகத் தெரிவது உண்மை. ஆனால் அவர் திரையில் நகரும் வேகமும் அதே மூன்றில் ஒரு பங்கு கூடிவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. அதோடு, 16:9-இல் சுமார் 106 பாகை இருந்த பக்கவாட்டுப் பார்வை 90-ஆகச் சுருங்குகிறது; விளிம்பில் நிற்பவர் உங்கள் திரைக்கே வரமாட்டார். கிராஃபிக்ஸ் கார்டு பலவீனமாக இருந்தாலோ, பல வருடமாக அப்படியே பழகியிருந்தாலோ வைத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆரம்பிப்பவர் அதற்குப் போக ஒரு காரணமும் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: கிராஃபிக்ஸ் எல்லாவற்றையும் "லோ"வில் வைத்துவிட்டேன். இனி செய்ய ஏதாவது இருக்கிறதா?

இரண்டை மேலே ஏற்ற வேண்டும். டைனமிக் ஷேடோஸ் "ஆல்" என்று இருக்கட்டும்; மூலைக்கு அப்பால் நிற்பவரின் நிழல் அவருக்கு முன்னால் தரையில் வந்து விழும்போது, அரை விநாடி முன்கூட்டியே உங்களுக்குச் செய்தி வந்துவிடுகிறது. சில எஃப்பிஎஸ்ஸுக்காக அந்தச் செய்தியை அணைத்துவிடுவது நஷ்ட வியாபாரம். ஆட்களைப் பின்னணியிலிருந்து பிரித்துக்காட்டும் பூஸ்ட் பிளேயர் கான்ட்ராஸ்ட்டும் இயங்கட்டும். எஃப்எஸ்ஆர் (குறைந்த ரெசல்யூஷனில் வரைந்து பெரிதாக்கும் வசதி) வேண்டாம், தூரத்துத் தலையைக் குழப்பிவிடும், பிராசசர்தான் தடை என்றால் எஃப்பிஎஸ்ஸும் கூட்டாது. மற்றவை கீழேயே இருக்கலாம்.

கேள்வி: லான்ச் ஆப்ஷனில் (ஆட்டம் தொடங்கும்போது கொடுக்கும் கட்டளைகள்) டிக்ரேட் 128, ஹை, த்ரெட்ஸ் எல்லாம் போட்டிருக்கிறேன். சரிதானே?

எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். இந்த ஆட்டத்தின் சர்வர்கள் 64 டிக்கில்தான், அதாவது விநாடிக்கு 64 முறை கணக்கிட்டுத்தான், ஓடுகின்றன. இடையில் நீங்கள் எந்தக் கணத்தில் சுட்டீர்கள் என்பதை சப்-டிக் முறை தனியாகக் குறித்து அனுப்பிவிடும். மற்ற இரண்டும் சில கம்ப்யூட்டர்களில் கெடுதலே செய்கின்றன.

கேள்வி: திருச்சியில் இருக்கிறேன். பிங் (தகவல் சர்வருக்குப் போய்வரும் நேரம், மில்லி விநாடியில்) 15 காட்டும், திடீரென்று 90 ஆகும், மறுபடி 15. எதிரி இரண்டடி தள்ளித் தாவுகிறார். எந்தச் செட்டிங்கை மாற்றுவது?

வால்வுக்குச் சென்னையிலும் மும்பையிலும் சர்வர்கள் உள்ளன. 15 என்ற எண்ணைப் பார்த்தால் நீங்கள் சென்னைக்குத்தான் போகிறீர்கள். தூரத்தில் குறையில்லை. தூரத்தால் வரும் பிங் நிலையாக இருக்கும். எடுத்துக்காட்டாக, சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் இடையே ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர், கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்கு 2 லட்சம் கிலோமீட்டர் போகும் என்பதால் போய்வர எப்படியும் 29 மில்லி விநாடி ஆகும், அதை எவராலும் குறைக்க முடியாது, ஆனால் அது ஏறி இறங்கவும் செய்யாது. ஏறி இறங்கும் பிங் உங்கள் வீட்டுக்குள்தான் பெரும்பாலும் பிறக்கிறது. வைஃபையை விட்டுவிட்டு ரவுட்டரிலிருந்து லேன் கேபிள் இழுங்கள். கூடத்தில் யாராவது வீடியோ பார்க்கும்போது மட்டும் ஏறுகிறதா என்பதையும் கவனியுங்கள்.

கேபிள் இழுத்த பிறகும் தொல்லை தொடர்ந்தால், கேம் செட்டிங்ஸில் பாக்கெட் இழப்புக்கான (வழியில் தொலையும் தகவல் துண்டுகளை ஈடுகட்டும்) பஃபரிங்கை ஒரு பாக்கெட் என வையுங்கள். 64 டிக் என்பதால் அது 15.6 மில்லி விநாடி தாமதத்தைக் கூட்டும். பதிலுக்கு எதிரியின் தாவல் நிற்கும். கேபிள் இழுப்பதற்கு முன் இதைத் தொடாதீர்கள்.

கேள்வி: 7.1 ஹெட்செட் வாங்கினேன். காலடிச் சத்தம் மேலிருந்தா கீழிருந்தா என்று பிரிக்க முடியவில்லை.

அந்த 7.1-ஐ (பல ஸ்பீக்கர்களின் ஒலிபோல் காட்டும் வசதி) அணைத்துவிட்டுச் சாதாரண ஸ்டீரியோவில் கேளுங்கள். எந்தத் திசையிலிருந்து சத்தம் வருகிறது என்பதை இரண்டு காதுகளுக்கும் ஏற்றபடி ஆட்டமே கணக்கிட்டு அனுப்புகிறது. அதன்மேல் ஹெட்செட்டின் மென்பொருளோ விண்டோஸின் ஸ்பேஷியல் சவுண்டோ மறுபடி கணக்குப் போட்டால், வெந்த சோற்றை மீண்டும் வேகவைத்த கதையாகிவிடும். ஈக்யூவில் (ஒலியின் தன்மையைத் தேர்ந்தெடுக்கும் இடம்) "கிரிஸ்ப்" முயன்று பாருங்கள். இசையையெல்லாம் பூஜ்ஜியமாக்கலாம், கடைசிப் பத்து விநாடி எச்சரிக்கையைத் தவிர. வைத்த வெடிகுண்டு வெடிக்க 40 விநாடி. கிட் (குண்டைச் செயலிழக்கச் செய்யும் கருவி) இல்லாமல் செயலிழக்கச் செய்ய 10 விநாடி, கிட் இருந்தால் 5. அந்த இசை தொடங்கும்போது உங்கள் கையில் கிட் இல்லை, குண்டையும் இன்னும் தொடவில்லை என்றால், துப்பாக்கியைக் காப்பாற்றிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

கேள்வி: ஸ்நாப் டேப் உள்ள கீபோர்டு வாங்கலாமா?

இந்த ஆட்டத்துக்காக என்றால் வேண்டாம். இடப்பக்கம் ஓடும்போது எதிர் விசையைத் தட்டி நின்று சுடுவதுதான் இங்கே அடிப்படைத் திறமை. அதைக் கீபோர்டே செய்துகொடுக்கும் ஸ்நாப் டேப் போன்ற வசதிகளை 2024 ஆகஸ்டில் வால்வ் தன் சர்வர்களில் தடைசெய்துவிட்டது. பயன்படுத்துபவரை ஆட்டத்திலிருந்து வெளியேற்றும். ஏற்கெனவே வாங்கியவர்கள் அதன் மென்பொருளில் அந்த வசதியை அணைத்துவிட்டு ஆடலாம்.

கேள்வி: எல்லாம் சரியாக வைத்திருக்கிறேன். ஆனாலும் காலையில் ஒரு மாதிரியும் இரவில் வேறு மாதிரியும் மவுஸ் நகர்கிறது. இது என் கற்பனையா?

கற்பனை இல்லை, துணி மவுஸ்பேட்தான். கை வேர்வையையும் காற்றின் ஈரத்தையும் அது உறிஞ்சிக்கொண்டால் உராய்வு கூடி மவுஸ் இழுத்துப் பிடிக்கும். மாதம் ஒருமுறை வெதுவெதுப்பான நீரில் சிறிது பாத்திரம் துலக்கும் சோப்பு விட்டுக் கையால் தேய்த்துக் கழுவி, பிழியாமல் நிழலில் ஒரு நாள் முழுதும் காயவிடுங்கள். பிழிந்தால் அடியிலுள்ள ரப்பர் சுருண்டு மூலைகள் தூக்கிக்கொள்ளும். நான் ஒன்றை அப்படித்தான் பாழாக்கினேன்.