கண்ணுக்குள் இரத்தம் கசிகிறது என்று எப்படி அறிவது? வீட்டில் பொறுத்துப் பார்க்கலாமா?

சர்க்கரை நோய் உள்ள உங்கள் தந்தைக்கு நேற்றிலிருந்து ஒரு கண்ணில் கருப்பு இழைகள் மிதக்கின்றன, வலியோ சிவப்போ இல்லை, இரண்டு நாள் பொறுத்துப் பார்க்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பொறுக்க வேண்டாம், இன்றே விழித்திரை (கண்ணின் உள்ளே பின்பக்கத்தில் ஒளியை உணரும் படலம்) மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். நான் மருத்துவர் அல்லன். மதுரைக்கு அருகே திருமங்கலத்தில் என் அம்மாவுக்கு இதே நிலை வந்தபோது உடனிருந்து பார்த்ததையும், மருத்துவர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதையும் எழுதுகிறேன்.

வெண்விழியில் திடீரென்று தோன்றும் இரத்தச் சிவப்புத் திட்டு பார்ப்பவரைப் பதறவைக்கும். ஆனால் அடிபடாமலும் வலி, பார்வைக் குறைவு எதுவும் இல்லாமலும் வந்திருந்தால், அது பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே மறைந்துவிடும். அஞ்ச வேண்டியது, கண்ணின் பின்பகுதியை நிரப்பியிருக்கும் விட்ரியஸ் என்ற தெளிவான ஜெல்லுக்குள் கசியும் இரத்தத்துக்குத்தான். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. கண்ணுக்குரியவரின் பார்வையில்தான் தெரியும். அம்மா முற்றத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தபோது, முறத்தின் மேல் பூச்சி பறப்பதாகக் கையால் விரட்டிக்கொண்டே இருந்தார். அவர் பார்வையைத் திருப்பிய பக்கமெல்லாம் அந்தப் பூச்சியும் கூடவே வந்தது. மாலைக்குள் "ஒட்டடை தொங்குற மாதிரி இருக்குடா" என்றார். சிலருக்குப் புகை மூட்டமாகவும், சிலருக்குச் செந்நிற மங்கலாகவும் தோன்றுமாம். ஒரு கண்ணின் குறையை மற்றொரு கண் மறைத்துவிடும் என்பதால், ஒவ்வொரு கண்ணாக மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். ஒளிக்கீற்றுகள் மின்னுவதும், ஓரத்திலிருந்து திரை இறங்குவதுபோல் நிழல் விழுவதும் விழித்திரை கிழிந்திருப்பதற்கோ பிரிந்துகொண்டிருப்பதற்கோ அடையாளமாக இருக்கலாம். அப்படியானால் மணிக்கணக்கில்கூடத் தாமதிக்கக் கூடாது.

இரத்தம் எங்கிருந்து வந்தது என்பதே மருத்துவர் முதலில் தேடும் கேள்வி. நாள்பட்ட சர்க்கரை நோயில் விழித்திரை மீது புதிதாக முளைக்கும் நலிந்த இரத்தக் குழாய்கள் எளிதில் உடைந்து கசியும். விழித்திரைச் சிரை (இரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாய்) அடைப்பு, விழித்திரைக் கிழிசல், அடிபடுதல் ஆகியவையும் காரணமாகலாம். இரத்தம் மறைத்து விழித்திரை தெரியாவிட்டால், மூடிய இமையின் மேல் வைத்து எடுக்கும் பி ஸ்கேன் என்ற அல்ட்ராசவுண்ட் சோதனையில் அது பிரிந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிழிசல் இல்லையென்றால் இரத்தம் தானே வடியச் சில வாரங்களோ மாதங்களோ காத்திருக்கச் சொல்வதுண்டு. அந்தக் காத்திருப்பு பரிசோதனைக்குப் பின் மருத்துவர் சொன்னபடி காத்திருப்பது என்பதை நினைவில் வையுங்கள். அதற்கிடையே லேசரோ, கண்ணுக்குள் போடும் ஊசியோ தேவைப்படலாம். வடியாவிட்டால் விட்ரெக்டமி என்னும் அறுவை சிகிச்சையில் இரத்தம் கலந்த ஜெல்லை அகற்றுவார்கள். அப்போது கண்ணுக்குள் வாயு நிரப்பினால், அது கரைந்துவிட்டதாக மருத்துவர் சொல்லும்வரை விமானப் பயணம் மட்டுமன்று, கொடைக்கானல் போன்ற மலைகளுக்கு வண்டியில் போவதும் கூடாது. உயரம் கூடக்கூட வாயு விரிந்து கண் அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடும். மதுரைப் பக்கத்தினர் இதைக் கட்டாயம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சமே. இரத்தம் கீழே படிவதற்காகத் தலையணைகளை அடுக்கித் தலையை உயர்த்திப் படுக்கச் சொல்வார்கள். குனிந்து குடம் தூக்குவதையும், மலச்சிக்கலோடு முக்குவதையும் தவிர்க்கச் சொல்வார்கள். இதயத்துக்காக ஆஸ்பிரின் எடுப்பவர் மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. நந்தியாவட்டைப் பூவைக் கண்ணில் ஒற்றுவது எங்கள் தெருவிலும் உண்டு. அது கண்ணின் உட்பகுதியை எட்டாது, கிருமி சேர்வதுதான் மிச்சம்.

கிட்டிப்புள்ளோ பந்தோ பட்டு, கருவிழிக்கு முன்னால், கண்ணாடி போன்ற மேற்படலத்துக்குள்ளே இரத்தம் தேங்கி நிற்பது வெளியிலிருந்தே தெரிந்தால் அது வேறு வகை. கண் அழுத்தம் ஏறலாம், சில நாளில் மறுபடியும் கசியலாம். கண்ணைத் தேய்க்காமல், அழுத்திக் கட்டாமல் உடனே கொண்டு செல்லுங்கள்.

மதுரையில் இதற்கு அலைய வேண்டியதில்லை. டாக்டர் கோ. வெங்கடசாமி 1976-இல் 11 படுக்கைகளுடன் தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையில் விழித்திரைக்கெனத் தனிப் பிரிவு இருக்கிறது. அரசு இராசாசி மருத்துவமனையிலும் கண் பிரிவு உண்டு. சர்க்கரை, இரத்த அழுத்தப் பரிசோதனைச் சீட்டுகளையும் அவர் சாப்பிடும் மாத்திரைகளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கி, வெளிச்சம் கூசும். ஆகவே அவரை வண்டி ஓட்ட விடாமல் கூடவே ஒருவர் போய் வாருங்கள். நலமாக இருக்கும் மறு கண்ணையும் அன்றே பார்க்கச் சொல்லுங்கள், ஏனென்றால் சர்க்கரை இரண்டு கண்களுக்கும் பொதுவானது.