பக்கவாதம் வந்த பிறகு மூளைச் செல்லுக்குள் நடப்பது: கேள்வி பதில்

கேள்வி: ஸ்ட்ரோக் வந்தால் மரபணுவே மாறிவிடும் என்கிறார்களே, உண்மையா மேடம்?

பதில்: மரபணுவில் உள்ள எழுத்துகள் மாறுவதில்லை. மரபணு என்பது புரதம் செய்யும் குறிப்பு; அதைப் படியெடுத்துத்தான் செல் புரதம் செய்யும். எந்த மரபணுவை எவ்வளவு படியெடுப்பது என்பதைத்தான் செல் மாற்றிக்கொள்கிறது. மூளைச் செல்லில் நடக்கும் இந்த மாற்றம் பிள்ளைகளுக்குப் போகாது, பயம் வேண்டாம்.

கேள்வி: எவ்வளவு நேரத்தில் தொடங்கும்?

பதில்: சில நிமிடங்களிலேயே. சி-ஃபாஸ், சி-ஜுன் என்ற மரபணுக்கள் முதலில் விழித்து, மற்றவற்றை முடுக்கிவிடுகின்றன. அப்புறம் எச்.ஐ.எஃப்-1, ஆக்சிஜன் குறைந்தால் மற்ற மரபணுக்களை இயக்கும் புரதம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு வியப்பு தருவது இதுதான். ஆக்சிஜன் இருக்கும்வரை இதன் ஆல்ஃபா என்ற பாதியைச் செல் உண்டாக்க உண்டாக்க அழித்துக்கொண்டே இருக்கும். அழிக்கச் சொல்லி அதில் குறி வைக்கும் நொதிக்கு ஆக்சிஜன் வேண்டும். ரத்தம் தடைபட்டால் குறி விழாது. புரதம் சேர்ந்து, செல்லின் கருவுக்குள் போய், புது ரத்தக்குழாய் வளர்க்கும் மரபணுக்களையும் குளுக்கோஸை உள்ளே இழுக்கும் மரபணுக்களையும் இயக்கிவிடும். செல் ஆக்சிஜனை உணரும் இந்த வழியைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் செமென்சா, ராட்கிளிஃப், கேலின் மூவருக்கும் 2019இல் நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி: இவ்வளவு ஏற்பாடு இருந்தும் செல்கள் ஏன் சாகின்றன?

பதில்: ரத்தம் அறவே நின்ற நடுப்பகுதியில் சக்தி தீர்ந்துவிடுகிறது. மரபணுவைப் படியெடுத்தாலும் புரதம் செய்ய முடியாது. அதைச் சுற்றியுள்ள விளிம்பில் கொஞ்சம் ரத்தம் ஓடும். அங்குள்ள செல்கள் எச்.எஸ்.பி-70 என்ற புரதத்தைச் செய்து, குலைந்துபோன புரதங்களைச் சீர்படுத்தப் பார்க்கும். சிகிச்சை காப்பாற்றுவது இந்த விளிம்பைத்தான். பெரிய ரத்தக்குழாய் அடைத்தால் நிமிடத்துக்குச் சுமார் 19 லட்சம் நரம்பு செல்கள் போகின்றன என்கிறது 2006இல் வெளியான கணக்கு. வாய் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ தயவுசெய்து காத்திருக்காதீர்கள்.

கேள்வி: கெடுதல் செய்யும் மரபணுக்களை மருந்து கொடுத்து அடக்கிவிடலாமே?

பதில்: அங்கேதான் சிக்கல். எம்.எம்.பி-9 என்ற மரபணு உண்டாக்கும் நொதி முதல் சில நாட்கள் ரத்தக்குழாய்ச் சுவரை அரித்து வீக்கத்தைக் கூட்டும். பிறகு அதே நொதி புது ரத்தக்குழாய் வளர உதவும். எலிகளில் ஒரு வாரம் கழித்து இதைத் தடுத்தபோது பாதிப்பு கூடியது.

கேள்வி: அப்பாவுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது. இனி பயிற்சி கொடுத்துப் பயன் உண்டா?

பதில்: உண்டு. பிழைத்த நரம்பு செல்கள் ஜி.ஏ.பி-43 போன்ற வளர்ச்சி மரபணுக்களை மறுபடி இயக்கி, புதுக் கிளை விடுகின்றன. இந்த வேகம் முதல் சில மாதங்களில்தான் அதிகம். டம்ளரைப் பிடிப்பது, பொத்தான் போடுவது என பாதிக்கப்பட்ட கைக்குத் தினமும் வேலை கொடுங்கள்.